அமாவாசையன்று நீக்கிய பெயர்

பாய்,

பிள்ளைகள் மதியச் சாப்பாடு முடிந்து தூங்குகிறார்கள். அங்கன்வாடி அலமாரியைத் துடைக்கலாம் என்று எழுந்தால், பின்வரிசையில் அந்த ஊதா ஸ்டாம்ப் பேட் கையில் பட்டது. காய்ந்துபோய்விட்டது. ஆனாலும் மூடியைத் திறந்ததும் மை வாசனை குப்பென்று வந்தது. ஒரு ஓரத்தில் உங்கள் விரல் அமுங்கிய பள்ளம் அப்படியே இருக்கிறது. துடைப்பதை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று ஆபா வந்துபோனதிலிருந்தே எனக்குக் கை கால் ஓடவில்லை. அக்கா என்று கூப்பிடாமல் உங்கள் மனைவியை நானும் உங்கள் வீட்டு வழக்கப்படி ஆபா என்றுதான் கூப்பிடுகிறேன். உங்கள் இறப்புச் சான்றிதழை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துவந்திருந்தார். "ரேஷன் கார்டுல எடுத்துட்டாங்க, பேங்குலயும் எடுத்துட்டாங்க. ஓட்டர் லிஸ்ட்ல மட்டும்தான் இருக்குது. அதையும் எடுத்துடும்மா" என்றார். நம் தெருவுக்கு வாக்காளர் பட்டியல் பார்க்கும் அலுவலர் நான்தானே. வேறு யாரிடம் போவார்?

எடுக்க என்ன இருக்கிறது பாய், உங்கள் பெயரைத்தான் நீங்கள் உயிரோடு இருக்கும்போதே நான் எடுத்துவிட்டேனே.

முசரவாக்கத்தில் பிறந்தவள் நான். எங்கள் வீட்டில் அமாவாசை என்றால் விரதம், படையல், காக்கைக்குச் சோறு. யாரும் வாசல் தாண்ட மாட்டார்கள். அதனால்தான் பட்டியல் திருத்தத்துக்கு வீடு வீடாகப் போகச் சொன்னபோது அமாவாசையாகப் பார்த்துப் போனேன். என்னவோ பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு. இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு இருபது வருஷம் ஆகியும், அமாவாசையன்று தறி ஓடாது, நெசவுக்காரர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கோயிலுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் போய்விடுவார்கள் என்பது என் மண்டையில் ஏறவில்லை. உங்களுக்கோ தறி நிற்கும் நாளில்தான் வேலை. எங்கோ ஒரு தறிக்கு அடியில் படுத்து மராமத்து பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள். ஆபா மகளின் பிரசவத்துக்கு ஆற்காடு போயிருந்தார். போகும் முன், பட்டியலில் பெயர் தொடரத் தர வேண்டிய தன் படிவத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போன புண்ணியவதி அவர் ஒருவர்தான்.

உங்கள் வீட்டோடு சேர்த்து ஒன்பது வீடுகள் பூட்டிக் கிடந்தன. மூன்று முறை போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. எனக்குக் கால்வலி, மேலே இருந்து தினமும் போன், முடித்துவிட்டாயா முடித்துவிட்டாயா என்று. ஒருமுறை போய்விட்டு மூன்று தேதிகளை எழுதினேன். "இடம் பெயர்ந்தோர்" என்று, ஆபா பெயரைத் தவிர, ஒரே பேனாவில் ஒன்பது வீட்டையும் முடித்தேன். அன்று ராத்திரி எனக்கு நன்றாகத் தூக்கம்கூட வந்தது.

வரைவுப் பட்டியலை இந்தக் கதவில் ஒட்டிய அன்று மாலையே வந்துவிட்டீர்கள். கத்துவீர்கள் என்று நான் தயாராக இருந்தேன். பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் முட்டியை மடக்கி உட்கார்ந்து, "எங்க வூட்டாண்ட என்னிக்கும்மா வந்தே?" என்று மட்டும் கேட்டீர்கள்.

"மூணு தடவை வந்தேன் பாய். எழுதியே வெச்சிருக்கேன், பாருங்க" என்று நோட்டை நீட்டினேன். குரலில் எவ்வளவு திமிர் எனக்கு!

நீங்கள் சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டீர்கள். "மொதல் தேதி அமாவாசை. சரி, பூட்டிக்கினு போயிருப்போம். ரெண்டாவது தேதி சுசீலம்மா வீட்டுப் பாவு. தெருவே வெளியில நின்னுக்கினு இருந்துச்சு. யார் கண்ணுலயும் படாம எப்படிம்மா வந்துட்டுப் போனே?"

பாவு நீட்டும் காலையை யாரால் மறைக்க முடியும்? பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்து இரண்டு முனையிலும் கல்தூணில் கட்டி, வீட்டுக்கு ஒருவர் வந்து பிடித்து நிற்பார்கள். மூன்றாவது தேதியை நீங்கள் கேட்கவே இல்லை.

"நவாபு காலத்துல இந்த ஊருக்கு வந்தவங்கம்மா நாங்க. ஒரு அமாவாசையில தூக்கிட்டியே" என்றீர்கள். சிரித்தீர்களா, கோபமா, எனக்குத் தெரியவில்லை. நான் அழ ஆரம்பித்தேன். வேலை போய்விடும் பாய், வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டிக் கொண்டுவருவது அவர் மருந்துக்கே சரியாகிறது, என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது என்று என்னென்னவோ உளறினேன்.

"அழுது முடி, அப்புறம் பேசலாம்" என்று காத்திருந்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "உன் மேல பிராது எழுதவா, பேருங்களை ஏத்தவா? ரெண்டுக்கும் எனக்கு நேரம் இல்ல."

பெயர் சேர்க்க நான்கு நாட்கள்தான் பாக்கி. ஒவ்வொரு வீட்டிலும் கதவைத் தட்டினேன். "தறியில இருக்காரு, அப்புறம் வா", "ஆதார் பீரோவுல இருக்குது, சாவி அவர்கிட்ட", "பேரு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன". மூன்று நாட்கள் ஓடிவிட்டன, கையில் மூன்றே படிவம். நான்காவது நாள் காலை மறுபடியும் ஒரு பாவு என்று சொன்னது நீங்கள்தான். "எல்லாரையும் பேப்பரோட வரச் சொல்லிட்டேன். நீ ஸ்டூலைத் தூக்கிக்கினு வந்துடு."

வெளிச்சம் வருவதற்குள் தெரு நிறைந்துவிட்டது. கையை எடுத்தால் இழை சிக்கிக்கொள்ளும், வெயில் ஏறினால் நூல் முறுகிவிடும். நடுவில் யாரும் நகர முடியாது. நீங்கள் ஒவ்வொருவராகப் போய் அவர்கள் இடத்தில் பாவைப் பிடித்தீர்கள். அவர்கள் என் ஸ்டூலுக்கு வந்து கையெழுத்துப் போட்டுத் திரும்பியதும், அடுத்தவர் இடத்துக்கு நகர்ந்தீர்கள். வலிக்கிற முட்டியோடு தெரு நீளத்துக்கும் நின்றீர்கள். நான் எழுதுகிறேன், கிழக்கே வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது.

சுசீலம்மா கையெழுத்துப் போடாமல் என் முகத்தையே பார்த்து, தன் வீட்டுத் தெலுங்கு கலந்து கேட்டார். "ஏமம்மா டீச்சரு, நாங்க தெருவுலயே இல்லன்னு எழுதினது யாரு? பேரைச் சொல்லு. நாலு பேரு முன்னாடி கேக்கணும்."

நான் படிவத்தின் மேல் குனிந்துகொண்டேன். பாவைப் பிடித்தபடியே நீங்கள் அங்கிருந்து கத்தினீர்கள்: "கம்ப்யூட்டர்ல போயிடுச்சு சுசீலம்மா! மிஷினை இஸ்துக்கினு வந்தா நிக்க வெச்சுக் கேக்கப் போற? போடு கையெழுத்தை!" தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன் பாய். அதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு.

உங்கள் படிவம்தான் கடைசி. உங்கள் ஆதார், பழைய அட்டை எல்லாம் ஆபாவின் பையோடு ஆற்காட்டில் இருந்தன. "போன் பண்ணுங்க பாய், போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லலாம்" என்று கெஞ்சினேன்.

"பண்ணா, எதுக்குன்னு கேப்பா. கேட்டா விட மாட்டா. நேரா கலெக்டர் ஆபீஸ்ல போய் நிப்பா. உன் வேலை அன்னிக்கே போயிடும்" என்றீர்கள். நான் மறுபடி கெஞ்சியிருக்க வேண்டும். உங்கள் காலில் விழுந்தாவது அந்தப் போனைப் பண்ண வைத்திருக்க வேண்டும். சரி என்று தலையாட்டிவிட்டு எட்டு வீட்டுப் படிவங்களோடு தாலுகா ஆபீஸுக்குப் பஸ் ஏறினேன். எனக்கு வேலை முக்கியமாக இருந்தது.

ஓட்டுப் போடும் நாளன்று பள்ளிக்கூட வாசலில் சிலிப் கொடுக்க உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டுக்காரர் ஆட்டோவில் நீங்கள்தான் நடக்க முடியாதவர்களை எல்லாம் ஏற்றி இறக்கினீர்கள். ஆபாவையும் கொண்டுவந்து விட்டீர்கள். அவர் உள்ளே வரிசையில் நின்ற நேரத்தில் என் மேசைக்கு வந்து, "என் சிலிப் எங்கம்மா?" என்று கண்ணடித்தீர்கள். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மேசையில் இருந்த இந்த ஸ்டாம்ப் பேடைத் திறந்து இடது கை விரலை அமுக்கி, நகத்தின் மேல் ஒரு கோடு இழுத்துக்கொண்டீர்கள். ஆபா வெளியே வந்ததும் விரலைக் காட்டி, "நான் அப்பவே போட்டுட்டேன்" என்றீர்கள்.

அதற்குப் பிறகு என்னைச் சும்மா விட்டீர்களா? முதியோர் பென்ஷன், விதவைச் சான்று, பட்டா நகல் என்று வாரம் ஒருவரை இழுத்துக்கொண்டு வருவீர்கள். ரோடு போட வந்தவர்கள் பாவு கட்டும் கல்தூண்களைப் பிடுங்கப் பார்த்தபோது, இரண்டு மணி நேரம் என்னை உட்கார வைத்து மனு எழுத வைத்தீர்கள். முணுமுணுத்தால், "ஒரு ஓட்டையே முழுங்குனவ நீ. ஒரு மனு எழுத வலிக்குதா?" என்பீர்கள். தூண்கள் இன்றும் அங்கேதான் நிற்கின்றன. உங்கள் படிவத்தையும் நிரப்பி வைத்தேன். கையெழுத்துப் போட வாருங்கள் என்று எத்தனை தடவை சொன்னேன்! "அடுத்த எலெக்ஷன் எங்க ஓடிடப் போகுது" என்றீர்கள். ஒரு மழை நாளில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை.

நேற்று ஆபாவிடம் நான் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தைதான். "எடுத்துட்டேன் ஆபா." பொய்கூட இல்லை. அவரும் எனக்காக இறைவனிடம் துஆ செய்துவிட்டுப் போயிருப்பார். வாய் வரைக்கும் வந்துவிட்டது. முடியவில்லை பாய். பட்டியலைப் பிரித்து உங்கள் வீட்டு எண்ணில் விரலை வைத்துக் காட்டினேன். ஆபா பெயர் மட்டும் இருந்தது. அமாவாசையில் ஆரம்பித்து ஸ்டாம்ப் பேட் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

ஆபா தன் இடது கை விரலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "மூணே நாள்ல அவர் விரல்ல மை போயிடுச்சு. எனக்கு ஒரு மாசம் இருந்துச்சு. கேட்டேன். தறிக்குப் போடுற எண்ணெய்ல கை வெச்சா போயிடும்னார்" என்றார். கவரில் சான்றிதழைத் திருப்பிப் போட்டார். திட்டுவார் என்று குனிந்து நின்றேன். திட்டியிருந்தால் தேவலை.

"எங்கிட்ட சொன்னது பத்தாதும்மா. மிஷின் மேல பழியைப் போட்டு அவர் சொன்ன பொய் தெருவுல இன்னும் அவர் பேர்லதான் நிக்குது. அதை நீ எடு. லிஸ்ட்ல எடுக்கச் சொல்லி நான் வந்தேன், அதுக்குப் பதிலா இதை எடு."

நாளைக் காலை சுசீலம்மா வீட்டுப் பாவு. நீங்கள் போன பிறகு உங்கள் வீட்டுக்கென்று பிடிக்க ஆள் இல்லாமல் ஓர் இடம் காலியாகவே இருக்கிறது. நான் வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வேலை என்னவாகும் என்று தெரியவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன், அவர் சாப்பிடாமல் எழுந்துபோய்விட்டார். பயமாகத்தான் இருக்கிறது பாய். ஆனால் இப்போதெல்லாம் நான் ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று முறை போகிறேன். காலண்டரில் அமாவாசைகளை முதலிலேயே சிவப்புப் பேனாவால் அடித்துவிடுகிறேன். உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும் இந்தக் காய்ந்த பேடும்தான்.

பாவைப் பிடித்துவிட்டால் கையை எடுக்க முடியாது, ஓடவும் முடியாது. அதற்காகத்தான் அந்த இடத்தைக் கேட்டேன். சுசீலம்மா எதிரில் நிற்பார், தெரு முழுக்க நிற்கும். அப்போது சொல்வேன்: மிஷின் இல்லை, நான்தான். ஒரே ஒரு தடவைதான் வந்தேன். அதுவும் அமாவாசையில்.