செய்தி எண்ணில் பேசுகிறவள்

பாயில் ஹைட்ஸ், லாஸ் ஏஞ்சல்ஸ்
11 பிப்ரவரி 1993

அன்புள்ள லுசேரோவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மெக்சிகோ குளிர் உனக்குப் பழகிவிட்டதா?

உன் கட்டிலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பக்கத்துக் கட்டிலில் உன் தங்கை நயேலி வாயைத் திறந்தபடி தூங்குகிறாள். நம் இருவரையும் போலீஸ் அந்தப் பார்ட்டியில் பிடித்த அன்று, உன் அம்மா உன்னை ஊருக்குப் பஸ் ஏற்றினார். என் அப்பா, "எந்தப் பையனுக்காகப் போனியோ அவன் வீட்டிலேயே இரு" என்றார். அதனால்தான் உன் அறை எனக்கு வந்தது. உன் அம்மா எனக்குச் சோறு போடுகிறார், ஆனால் முகம் பார்த்துப் பேசுவதில்லை.

பள்ளிக்கூடம் போவதை விட்டுவிட்டேன். உன் அண்ணன் எஃப்ராயின் என்னை வெளியே போக விடுவதில்லை. பள்ளி நேரத்தில் பார்ட்டி நடத்தும் அவன் கூட்டத்துக்கு ஒரு செய்தி எண் உண்டே, எங்கே எப்போது என்று பிள்ளைகள் கூப்பிட்டுக் கேட்பார்களே, அதில் பேசுவது இப்போது நான்தான். உன் அம்மா தையல் தொழிற்சாலைக்குக் கிளம்பியதும், "இந்த வெள்ளிக்கிழமை, பகல் பத்து மணிக்கு" என்று தொலைபேசியில் பதிவு செய்வேன். நாலு பேர் நடுவில் வாய் திறக்காத நான், லுசேரோ! என் குரலை இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியுமாம். முகம் தெரியக் கூடாது, தெரிந்தால் போலீஸ் என்னைப் பிடித்து அவனிடம் வந்துவிடும் என்கிறான் உன் அண்ணன். அதனால் ஜன்னல் திரையைக்கூட விலக்குவதில்லை.

நீ கடிதம் போட்டு மாதமாகிறது. மறந்துவிட்டாயா?

அன்புடன்,
நெரெய்தா


சமோரா அருகே, மிச்சோவகான்
27 பிப்ரவரி 1993

அருமை அண்ணிக்கு,

அண்ணி என்று கூப்பிட்டால் உனக்குக் காது சிவக்கும் என்று தெரியும், அதற்காகவே எழுதினேன். மறக்கவில்லை. பெரியம்மா என்னைக் காலையில் ஸ்ட்ராபெரி கொட்டகைக்குக் கூட்டிப் போய், மாலையில் கூட்டி வருகிறார். கழிப்பறைக்குப் போனாலும் வாசலில் நிற்கிறார். கடிதம் போட்டால் யாருக்கு என்று கேட்கிறார். எங்கள் வருங்கால அண்ணிக்கு என்றதும் தபால் தலையை அவரே ஒட்டித் தந்தார். நீ ஒருத்திதான் எனக்கு வெளியுலகம்.

ஒரு விஷயம். நயேலி எனக்கு எழுதியிருக்கிறாள். அந்த எண் அவளுக்கு மனப்பாடமாம், பள்ளிக்கூடத்துத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டு உன் குரலைத் தோழிகளுக்குப் போட்டுக் காட்டுகிறாளாம். அவளுக்குப் பதின்மூன்று வயது. நான் முதல் தடவை பார்ட்டிக்குப் போனதும் அந்த வயதில்தான். அங்கே பலூனில் அடைத்து விற்கும் போதை வாயுவை உறிஞ்சிவிட்டு ஒரு பையன் சுவரோரம் சரிந்ததை நான் பார்த்தேன், நீ பார்க்கவில்லை. எல்லோரும் அவன் சிரிக்கிறான் என்று நினைத்தார்கள், அவனுக்கு மூச்சே வரவில்லை.

அவளைப் போகவிடாதே. அண்ணனிடம் சொல்.

உன்
லுசேரோ


பாயில் ஹைட்ஸ்
18 மார்ச் 1993

அன்புள்ள லுசேரோவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே எஃப்ராயினிடம் சொன்னேன். காரின் ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவே இல்லை. "எங்க வீட்டுப் பொண்ணுங்க இனிமே அந்தப் பக்கம் போக மாட்டாங்க. ஒருத்தியை ஊருக்கு அனுப்பினதே போதும்" என்றான். மற்ற வீட்டுப் பெண்கள் வருகிறார்களே என்று கேட்க நினைத்தேன்.

நயேலியிடமும் பேசிப் பார்த்தேன். என் தலைமுடியைப் பின்னியபடியே, "நீங்க மட்டும் வரச் சொல்லிக் கூப்பிடுவீங்க, நான் மட்டும் வரக் கூடாதா அண்ணி?" என்றாள். பிறகு என் குரலில் பேசிக் காட்டினாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

உன் அம்மாவிடம் சொல்லலாம்தான். சொன்னால் நயேலியும் ஊருக்கு, நான் தெருவுக்கு. ஏப்ரல் கடைசியில் பெரிதாக ஒன்று நடத்தப் போகிறார்கள், மூடிக்கிடக்கும் மெத்தைத் தொழிற்சாலையில். போட்டிக் கூட்டம் நுழையாமலிருக்க உள்பக்கம் சங்கிலி போட்டுப் பூட்டுவார்களாம். அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும், நீயே சொல்.

அன்புடன்,
நெரெய்தா


சமோரா அருகே
3 ஏப்ரல் 1993

நெரெய்தா,

அவசரமாக எழுதுகிறேன், பெரியம்மா வெளியே நிற்கிறார். அந்த எண் உன் கையில்தானே இருக்கிறது? பார்ட்டி கிடையாது என்று சொல்லிவிடு. உன் குரலைத்தானே நம்புகிறார்கள்? அண்ணன் கத்துவான், இரண்டு நாளில் அடங்கிவிடுவான். அவனை எனக்குத் தெரியாதா?

லுசேரோ


லாஸ் ஏஞ்சல்ஸ்
2 மே 1993

அன்புள்ள லுசேரோவுக்கு,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: நயேலி உயிரோடு இருக்கிறாள். நேற்று ஜெல்லி கேட்டுச் சண்டை போட்டாள்.

நீ சொன்னபடியே செய்தேன். ஏப்ரல் 22, வியாழக்கிழமை, எஃப்ராயின் வெளியே போனதும் பழைய செய்தியை அழித்துவிட்டு, "நாளைக்குப் பார்ட்டி இல்லை, யாரும் வர வேண்டாம்" என்று பதிவு செய்தேன். நீ போன பிறகு வந்த ஒரு பழக்கம் உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனாலும் என் பேச்சை உண்மை என்று நம்புவார்கள் என நினைத்தேன். செய்தி எண்ணைப் போலீசும் கூப்பிட்டுக் கேட்கிறது என்று தெரிந்தால் எல்லாக் கூட்டமும் இப்படித்தான் பார்ட்டி இல்லை என்று சொல்லும். பிள்ளைகள், பள்ளிகளில் கைமாறும் பார்ட்டித் துண்டுச்சீட்டில் போட்டிருக்கும் தெருமுனைக்கு வந்து இடம் கேட்டுக்கொள்வார்கள். இல்லை என்றால் பெரிதாக இருக்கிறது என்று அர்த்தம். என்றைக்கும் வராதவர்களும் வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் பள்ளியிலிருந்து தொலைபேசி. நயேலி வரவில்லை என்றார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு மெத்தைத் தொழிற்சாலைக்குக் கிளம்பிவிட்டேன். எத்தனையோ மாதம் கழித்துத் தெருவில் நடந்தேன், கண் கூசியது. வாசலில் நின்ற பையன்களுக்கு என்னைத் தெரியும், உள்ளே விட்டார்கள். எனக்குப் பின்னால் சங்கிலி விழுந்தது.

உள்ளே ஜன்னல்களில் மெத்தைப் பஞ்சை அடைத்திருந்தார்கள். காற்றே இல்லை. நயேலி வாயு சிலிண்டர் பக்கத்தில் கையில் பலூனோடு நின்றாள். வா என்று கையைப் பிடித்தேன். "நீங்க கூப்பிட்டுத்தானே வந்தேன்" என்றாள். அவள் குத்திக் காட்டவில்லை, சும்மாதான் சொன்னாள்.

அப்போது போலீஸ் கதவைத் தட்டியது. எஃப்ராயின் பாட்டையும் விளக்கையும் நிறுத்தி, மூச்சுக் காட்டாதீங்க என்றான். இருட்டில் எல்லோரும் நெருக்கினார்கள். நயேலியின் கை என் கையில் கனத்தது. கீழே சரிந்துவிட்டாள். யாரோ ஒருவன் நெருப்புக்குச்சி கிழித்தான், அவள் உதடு நீலமாக இருந்தது. ஆட்களைத் தள்ளிக்கொண்டு எஃப்ராயினிடம் போய்ச் சாவி கேட்டேன்.

"கொஞ்சம் பொறு, போயிடுவாங்க."

"விழுந்து கிடக்கிறது உன் தங்கச்சி."

"என் தங்கச்சி ஸ்கூல்ல இருக்கா" என்றான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, லுசேரோ. பத்தடி தூரம்தான்.

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, கத்தினேன். "ஒரு பொண்ணுக்கு மூச்சு வரல, கதவை உடைங்க" என்று, வெளியே இருப்பவர்களுக்குக் கேட்கும்படி. உள்ளே அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். அந்தக் குரலை அவர்களுக்குத் தெரியும். போலீஸ் சங்கிலியை வெட்டி, நயேலியை மருத்துவமனைக்குக் கொண்டுபோனது.

போலீஸ் பிடித்துப்போன எஃப்ராயினை நாலு நாளில் விட்டுவிட்டார்களாம். போலீசுக்குக் கதவைத் திறந்துவிட்டது நான்தான் என்று அவன் கூட்டம் முழுக்கச் சொல்கிறது. மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்யும் சொக்கோரோ அக்கா, நான் வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்தார். அவர் முகவரி உறையின் பின்னால் இருக்கிறது. உனக்கு மட்டும்தான் தந்திருக்கிறேன்.

அன்புடன்,
நெரெய்தா


சமோரா அருகே
19 மே 1993

என் நெரெய்தாவுக்கு,

உன் கடிதத்தைக் கொட்டகையில் உட்கார்ந்து படித்தேன். பெரியம்மா முதல் முறையாக என்னை ஒன்றும் கேட்காமல் விட்டார். உன் கையைப் பிடித்துக்கொண்டு பேச வேண்டும் போல இருக்கிறது.

அண்ணன் தொலைபேசியில் அழுதான். அவன் அழுது நான் கேட்டதே இல்லை. "அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும், எங்க இருக்கான்னு மட்டும் சொல்லு" என்றான். அம்மாவும், வீட்டுக்கு வரட்டும், நயேலி அவளையே கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றார். முகவரியைச் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. என்ன இருந்தாலும் அண்ணன். நீ எங்கள் வீட்டுப் பெண்தானே? அந்த அறை உனக்குத்தான்.

உன்
லுசேரோ


10 ஜூன் 1993

அன்புள்ள லுசேரோவுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே எஃப்ராயின் வந்துவிட்டான். காரில் அவன் கூட்டத்தார் மூன்று பேர் இருந்தார்கள். மன்னிப்புக் கேட்க எதற்கு மூன்று பேர்? வாசலில் நின்று, என் பெயரைச் சொல்லி மெதுவாகத்தான் கூப்பிட்டான். சொக்கோரோ அக்கா துணி காயப்போடும் பக்கமாக என்னை வெளியே அனுப்பினார். மறுநாள் அவர் வீட்டு ஜன்னல் ஒன்றுகூட மிச்சமில்லை. உன் கடிதத்தை அவர்தான் பிறகு என்னிடம் சேர்த்தார்.

இப்போது வேறு ஊரில் இருக்கிறேன். பழம் அடுக்கும் வேலை. பக்கத்தில் நிற்கும் பெண்கள் நான் ஊமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நானும் திருத்தவில்லை. கதவைத் தாழ் போட்டு, நாற்காலியையும் முட்டுக் கொடுத்துத் தூங்குகிறேன்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் அழுதால் நீ இரங்குவாய். இனியும் அழுவான், நீ இனியும் இரங்குவாய். நயேலியும் அப்படித்தான். அதனால் உறையில் முகவரி எழுதவில்லை. இந்தக் கடிதத்தையும் இங்கிருந்து போடவில்லை. தபால் முத்திரையில் என் ஊர் தெரியாமலிருக்க, தூரத்து ஊருக்குப் போகும் ஒரு லாரிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உனக்குக் கல்யாணம் ஆனால் எனக்குத் தெரியாது. எனக்கு ஏதாவது ஆனால் உனக்குத் தெரியாது. நயேலி பள்ளிக்கூடம் போகிறாளா என்று மட்டும் விசாரித்துக்கொண்டே இரு. அதை நான் இனிமேல் உன்னிடம் கேட்க முடியாது.

நெரெய்தா