என் நாக்கும் பெனில்டேயின் பன்றியும்

நவம்பர் 11

இந்த மாதம் ஊரில் ஒருவருக்கும் சமைக்கத் தெரியவில்லை. ரொட்டி அட்டை மாதிரி இருக்கிறது. பாலாடைக்கட்டி — சுண்ணாம்பு. சளிக்காய்ச்சலில் நான் படுத்ததுதான் தாமதம், கேட்க ஆளில்லை என்று எல்லாரும் கைவிட்டுவிட்டார்கள். வட ஸ்பெயினின் இந்த பாபியா மலையில் மூன்று பள்ளத்தாக்குக்கும் உப்புப் பார்க்கிற நாக்கு என்னுடையது. ஒருமுறை பிஷப் கார் அனுப்பி அழைத்தார். கழுதையாகவும் இருக்கலாம், அனுப்பியவர் பிஷப்தான்.

நவம்பர் 19

தங்கை பெனில்டேயின் புருஷன் உல்பியானோ ஒரு குவளை ஊற்றித் தந்தான். வெயில் பட்ட சரிவில் விளைந்த திராட்சை ஒயின் என்றேன்.

"மச்சான், அது சாலட்டுக்கு ஊத்துற புளிச்ச காடி."

தெரியும், உன்னைச் சோதித்தேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து பச்சைப் பூண்டு மென்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது. வாயில் ருசி ஒன்றும் வரவில்லை.

டிசம்பர் 4

பெனில்டேயின் பன்றியை அறுத்தாயிற்று. நூற்று நாற்பது கிலோ. வெளியில் இருநூறு என்று சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர் 5

கறியைக் கொத்தி, பூண்டு, புகைபோட்ட மிளகாய்ப் பொடி, உப்பு எல்லாம் பிசைந்து மரத்தொட்டியில் வைத்திருக்கிறார்கள். நாளை அதில் ஒரு பிடி வறுப்பார்கள். நான் சரி என்றால்தான் குடலில் அடைத்து சொரிசோ கட்டுவார்கள். உப்பு குறைந்தால் அத்தனையும் அழுகும். கூடினால் நாய்கூடத் தொடாது. பெனில்டே வீட்டுக்கு வருஷம் முழுக்க அதுதான் சாப்பாடு.

சொல்லிவிடலாமா? சொன்னால் அப்புறம் நான் யாரு? உல்பியானோவோட மச்சான், அவ்வளவுதான்.

டிசம்பர் 6

அடுப்பங்கரை முழுக்கப் பெண்கள். பெனில்டே சட்டியோடு வந்தாள். "சொல்லுண்ணே, உப்பு?"

சரி என்று சொல்ல வாய் திறந்தேன் — தொட்டியைப் பார்த்தேன். எவ்வளவு கறி.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் பன்னி தொடறதில்லன்னு நேந்திருக்கேன்."

"எப்ப நேந்தே?"

"காய்ச்சல்ல."

"காய்ச்சல்ல நீ பன்னிக் காது வேணும்னுல்ல கேட்டே?"

எலாடியாவை உப்புப் பார்க்கச் சொன்னேன். பக்கத்து வீட்டு விதவை. உப்புக்கும் பனிக்கும் வித்தியாசம் தெரியாதவள் என்று ஊரெல்லாம் நான் சொல்லிவருகிறவள். மென்றாள், யோசித்தாள். "இன்னும் ரெண்டு கை போடு."

போட்டார்கள். எல்லாருக்கும் வறுத்த கறி. எனக்கு முட்டைக்கோஸ்.

டிசம்பர் 13

பாதிரியார் பிரசங்கத்தில் என் நேர்ச்சையைப் புகழ்ந்தார். மறுக்கவில்லை. வெறுந்தரையில் படுக்கிறேன் என்றும் சேர்த்துச் சொல்லிவைத்தேன்.

மார்ச் 2

சொரிசோ பிரமாதம் என்று ஊரே எலாடியாவைக் கொண்டாடுகிறது. பழக்கிவிட்டதே நான்தான் என்றேன். நீரூற்றடியில் எலாடியா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"உமக்கு நாக்கு போயிடுச்சில்ல?"

"யாரு சொன்னா?"

"காடி குடிச்ச கதை தெரியும்யா. எனக்குப் போயி மூணு வருஷம்."

"அப்ப அந்த ரெண்டு கை?"

"பெனில்டே மூஞ்சியப் பாத்துச் சொன்னேன். அவ முன்னாடியே தின்னு பாத்துட்டுத்தான் சட்டியத் தூக்கிட்டு வர்றா. உப்பு கம்மின்னா உதட்டக் கடிப்பா."

டிசம்பர் 8

இந்த வருஷப் பன்றி இருநூற்றைம்பது கிலோ. நானும் எலாடியாவும் அடுப்படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். ஆளுக்கொரு முள்கரண்டி. அவசரப்படாமல் மென்றோம், பெனில்டேயைப் பார்த்தபடி. உதடு அசையவில்லை.

"சரியா இருக்கு" என்றோம், ஒரே குரலில்.

"நீங்க ரெண்டு பேரும் இல்லேன்னா நான் என்னதான் பண்ணுவேனோ" என்று சொல்லிவிட்டு, பெனில்டே முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெகுநேரம் திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. இருமலாம்; எனக்குச் சிரிப்பு மாதிரிதான் கேட்டது.