எட்டாம் எண் ஆம்ப்ளிஃபயரும் என் இடது காதும்

22 ஜூன் 2025, ஞாயிறு

மாவு அரைத்து முடித்துவிட்டுக் கைபேசியை எடுத்தால், பாட்டுக் கருவிப் பித்தர்களான எங்கள் 'டெல்டா ஒலிக் கூட்டம்' வாட்ஸ்அப் குழுவில் இருநூற்றுப் பதினான்கு செய்திகள். யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்து திறந்தேன். ஒன்றுமில்லை. கோயம்புத்தூர் 'தும்பி' கம்பெனிக்காரர்கள் அடுத்த ஆம்ப்ளிஃபயருக்கு என்ன எண் வைப்பார்கள் என்று காலை ஆறு மணியிலிருந்து சண்டை.

தும்பி ஐந்து, ஆறு, ஏழு வந்தாயிற்று. அடுத்தது எட்டுதானே? இல்லையாம். பூதலூரில் அரிசி ஆலை வைத்திருக்கும் கண்ணுசாமி அண்ணன் அடித்துச் சொல்கிறார்: "எட்டு சனியோட எண். எந்த முதலாளியும் வைக்க மாட்டான். நேரா ஒம்போதுக்குத் தாவிடுவான், எழுதி வச்சுக்குங்க." உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர் சீனாவிலிருந்து வருகிறது, சீனாக்காரனுக்கு எட்டு என்றால் உயிர், நாலுதான் ஆகாது என்று இன்னொருவர். அப்படியானால் எந்த ஊர் ராசி செல்லும்? இதற்கு மட்டும் நாற்பது செய்தி.

கடைசியில் திருத்துறைப்பூண்டி மீரா உசேன் அண்ணன் ஒரே வரி போட்டார். தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசமாட்டார். "கரண்டுக்கு எண்ணெல்லாம் தெரியாதுங்க."

சிரித்துக்கொண்டே இருந்தேன். "என்னடி, உன் முப்பத்தாறு அண்ணன்மாரும் என்ன சொல்றாங்க?" என்று வளவன் கேட்டார். அந்தக் குழுவில் நான் ஒருத்திதான் பெண் என்பதில் என் கணவருக்கு ஒரு பெருமை, கொஞ்சம் கேலி.

26 ஜூன்

குத்தாலம் பக்கம் மூன்று ஊரில் குறுவை நடவு பார்த்தேன். முட்டிவரை சேறு. வேளாண்மைத் துறையில் இருபது வருடம் ஆகியும் சேற்றில் செருப்பை விடாமல் வீடு திரும்பத் தெரியவில்லை எனக்கு.

2 ஜூலை, புதன்

எட்டுதான்! தும்பி எட்டு. கம்பெனி அறிவித்துவிட்டது. கண்ணுசாமி அண்ணன் அரை நாள் மௌன விரதம்.

தஞ்சாவூர்க் கடைக்கார ராஜராஜனிடம் விசாரித்தேன். "மேடம், பெட்டியில எட்டுதான் இருக்கும். நான் மேல 7A-ன்னு ஸ்டிக்கர் ஒட்டித்தான் விக்கப் போறேன். எட்டுன்னா இங்க ஒருத்தரும் தொடமாட்டாங்க" என்றார். எனக்கு ஸ்டிக்கர் வேண்டாம், எட்டையே அனுப்புங்கள் என்றேன். இத்தனை வருடம் பழைய செட்டிலேயே ஓட்டினேன். நானும் புதுசாக ஒன்று வாங்கிப் பார்க்கிறேனே.

6 ஜூலை, ஞாயிறு

வந்துவிட்டது. வளவனும் நானுமாகத் தூக்கி வைத்தோம். மூன்று மணி நேரம் நாற்காலியை விட்டு எழவில்லை. வீணைத் தந்தியில் விரல் இழுபடுகிற ஓசை இத்தனை நாள் எங்கே இருந்தது? பாடகர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. மதியச் சமையலை வளவனே பார்த்துக்கொண்டார். ரசத்தில் உப்பு இல்லை. அப்படியே குடித்தேன். இப்படி ஒரு ஞாயிறு கிடைத்தால் உப்பு எதற்கு.

10 ஜூலை, வியாழன்

நேற்று வயலில் நல்ல மழையில் மாட்டிக்கொண்டேன். காலையில் எழுந்ததிலிருந்து இடது காது அடைத்த மாதிரி இருக்கிறது. நீர் கோத்திருக்கும். மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கினேன்.

அதைவிடப் பெரிய கவலை — ஆம்ப்ளிஃபயரில் இடது பக்கம் சத்தம் குறைந்துவிட்டது. வலது பக்கம் கணீரென்று இருக்கிறது. இடது பக்கம் யாரோ போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல. வாங்கி நாலு நாள்தான் ஆகிறது!

11 ஜூலை

குழுவில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"அன்னைக்கே சொன்னேனேம்மா" என்று கண்ணுசாமி அண்ணன். எட்டாம் எண் வண்டி வாங்கி வாய்க்காலில் விழுந்த மைத்துனர், எட்டாம் எண் வீட்டில் குடியேறிக் கால் உடைந்த வாத்தியார் — வரிசையாக வந்தார்கள். யாரோ சொன்னபடி இரண்டு ஸ்பீக்கர் வயரையும் இடம் மாற்றிச் செருகினேன். அப்போதும் இடதுதான் மந்தம். அப்படியானால் எட்டின் தோஷம் ஸ்பீக்கரையும் பிடித்துவிட்டதாம்.

நம்பாதவள்தான் நான். ஆனாலும் அந்தப் பெட்டியைப் பார்க்கும்போது ஏனோ ஒரு மாதிரி இருக்கிறது. தும்பி ஏழையே வாங்கியிருக்கலாமோ?

12 ஜூலை, சனி

வரப்புச் சாலையில் இடது பக்கமாக வந்த டிராக்டர் எனக்குக் கேட்கவே இல்லை. ஓட்டியவர் கடைசி நேரத்தில் பிரேக் போட்டார். "என்னம்மா, ஆர்ன் அடிக்கிறேன், காதுல விழலையா?" என்று கத்தினார். ஏதோ யோசனையில் இருந்தேன் என்றேன். காதுக்குள் நெல் மில் மோட்டார் ஓடுவது போல ஓர் இரைச்சல். சளி இறங்கினால் சரியாகிவிடும்.

14 ஜூலை, திங்கள்

 நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ராஜராஜன் சொன்னபடி ஆம்ப்ளிஃபயரைக் கோயம்புத்தூருக்குத் திருப்பி அனுப்பக் காலையில் பெட்டியில் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தேன். புதுசு வரப் பதினைந்து நாள் ஆகும் என்றிருந்தார். அப்போது மீரா உசேன் அண்ணனிடமிருந்து அழைப்பு. அவர் எனக்குப் போன் செய்வது இதுதான் முதல் தடவை.

"மேடம், பெட்டியை ஒட்டிட்டீங்களா?"

"ஒட்டிக்கிட்டே இருக்கேன் அண்ணே."

"பிரிங்க. திருப்பி மாட்டிப் பாட்டைப் போடுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

மாட்டினேன். இடது பக்கம் மந்தம்தான் என்றேன்.

"இப்ப நாற்காலியைத் திருப்பிப் போட்டு ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி உக்காருங்க. எந்தப் பக்கம் கம்மி?"

உட்கார்ந்தேன். எனக்கு இப்போது இடது கைப் பக்கம் இருப்பது, இத்தனை நாள் கணீரென்று பாடிய வலது ஸ்பீக்கர். அது போர்வைக்குள் போயிருந்தது.

"இடதுதான் அண்ணே" என்றேன். எனக்கே புரிந்துவிட்டது. 

"அப்ப மெஷின்ல ஒரு கோளாறும் இல்லம்மா. காதுதான். எத்தனை நாள் ஆச்சு?"

"அஞ்சு நாள்."

"அஞ்சுதானே? இன்னும் நேரம் இருக்கு. இன்னைக்கே தஞ்சாவூர் போங்க. நாளைக்குன்னு சொல்லாதீங்க. திடீர்னு ஒரு காது அடைச்சா அது சளின்னு உக்காந்திருக்கக் கூடாது. வீட்டுக்காரர் இருக்காரா? போனைக் குடுங்க அவர்ட்ட."

வளவன் தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். அதே சட்டையோடு கிளம்பினார்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் இளம்பெண். கம்பி போன்ற ஒன்றைத் தட்டி நெற்றியில் வைத்தார், கண்ணாடி அறையில் உட்கார வைத்துச் சோதித்தார். உள்காது நரம்பு. ஏன் வந்தது என்று பெரும்பாலும் தெரியாதாம். "நல்லவேளை, இப்பவாவது வந்தீங்க. சிலர் மாசக்கணக்கா விட்டுட்டு வருவாங்க, அப்ப எங்களால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். திரும்பிவிடும் என்று உறுதி சொல்லவில்லை. மாத்திரை இன்றே தொடங்கிவிட்டேன்.

திரும்பும்போது பேருந்தில் வளவன் என் வலது பக்கம் வந்து உட்கார்ந்தார். நான் சொல்லாமலே.

18 ஜூலை

ஒன்றும் திரும்பவில்லை.

20 ஜூலை, ஞாயிறு

பாட்டுப் போட்டேன், நிறுத்திட்டேன். எதுக்கு இது? ஒத்தைக் காதுக்கு எதுக்கு ரெண்டு ஸ்பீக்கர்? திருச்சியில் படிக்கும் மகள் அறிவுமதி போனில் "அம்மா, சரியாயிடும்மா"ன்னா. உனக்கெப்படித் தெரியும்னு கத்திட்டேன். பாவம் அவ. இந்த மாத்திரை வேற, பசியா எடுக்குது, கோவம் கோவமா வருது.

பிறகு அவளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "நீ கத்துனது என் ஆஸ்டல் வரைக்கும் போனில்லாமலே கேட்டுச்சு" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

23 ஜூலை, புதன்

மாத்திரை போதவில்லை என்று இன்று காது ஜவ்வு வழியாக ஊசி போட்டார்கள். நினைத்த அளவு வலி இல்லை. தலைதான் சுற்றியது.

வெளியே வந்தால் பெஞ்சில் கண்ணுசாமி அண்ணன்! பூதலூரிலிருந்து டிபன் கேரியரோடு வந்து காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். ஊசி விஷயத்தைக் குழுவில் எழுதியிருந்தேன்; குழுவில் படமாகப் பார்த்த முகத்தை நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. வலது பக்கமாகச் சுற்றி வந்து நின்றுகொண்டு, "எட்டு எட்டுன்னு சொல்லி உன்னை மூணு நாள் டாக்டர்ட்ட போகவிடாமப் பண்ணிட்டனேம்மா. மனசு கேக்கல" என்றார். கண் கலங்கியிருந்தது.

"நானும்தானே அண்ணே ஆம்ப்ளிஃபயரைச் சந்தேகப்பட்டேன்?"

"அது எட்டுங்கறதால வந்த சந்தேகம். ஏழா இருந்தா காதைப் பாத்திருப்போம்."

அது உண்மைதான். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுவந்திருந்தார். வளவனோடு மூன்று பேரும் மரத்தடியில் சாப்பிட்டோம். அடுத்த இரண்டு ஊசிக்கும் வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

30 ஜூலை

இரண்டாவது ஊசி. கேரியரில் பருப்பு உருண்டைக் குழம்பு.

2 ஆகஸ்ட், சனி

ஒரு கையில் கரண்டி. அறிவுமதி கூப்பிட்டாள். போனை மறந்துபோய் இடது காதில் வைத்துவிட்டேன். "அம்மா, கேக்குதா?"

கேட்டது. தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போல மெலிசாக — ஆனால் கேட்டது. என் பிள்ளை குரல்தான். அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "இன்னொரு தடவை சொல்லு" என்று எத்தனை தடவை கேட்டேனோ தெரியவில்லை. அவளும் சலிக்காமல் சொன்னாள்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

மூன்றாவது ஊசியும் முடிந்து இன்று மறு சோதனை. முக்கால்வாசிக்கு மேல் திரும்பிவிட்டது. மெல்லிய உச்ச ஒலிகள் இடதில் இனி வராமலே போகலாம், இரைச்சலும் கொஞ்சம் இருக்கும் என்றார் மருத்துவர். இருக்கட்டும். நான் கேட்டதற்கு மேலேயே கிடைத்திருக்கிறது.

மீரா உசேன் அண்ணனுக்குப் போன் செய்தேன். இந்தச் சோதனை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அன்று கேட்கத் தோன்றவில்லை, இன்று கேட்டேன்.  "பதினோரு வருஷம் முன்னாடி எனக்கும் இதேதாம்மா. நான் ஸ்பீக்கரை மாத்தினேன், அப்புறம் ஆம்ப்ளிஃபயரையே மாத்தினேன். இருபத்து மூணு நாள் கழிச்சுத்தான் டாக்டர்ட்ட போனேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்னு அப்புறம்தான் தோணுச்சு. வலது காது போனது போனதுதான்."

குழுவில் ஒருவருக்கும் இது தெரியாது. மற்றவர்கள் இடது வலது என்று பக்கம் பக்கமாக எழுதும்போதெல்லாம் அவர் ஏன் பேசாமல் இருந்தார் என்று இப்போது தெரிகிறது. நேரில் வருகிறோம் என்றேன்.

குழுவில் என் காது சரியானதை எழுதினேன். நூறு வாழ்த்து வந்தது. நூற்றொன்றாவது செய்தி: அடுத்தது ஒன்பதா, பத்தா?

7 செப்டம்பர், ஞாயிறு

திருத்துறைப்பூண்டி. அண்ணனின் மனைவி ஜெய்த்தூன் பீவி வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்குக் காது வந்ததுன்னு சொன்ன அன்னைக்கு இவங்க ரெண்டு வேளை நல்லா சாப்பிட்டாங்கம்மா" என்றார்.

கூடத்தில் ஒரே ஒரு ஸ்பீக்கர்தான் இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் பீரோவுக்குப் பின்னாலிருந்து துணி சுற்றிய இன்னொன்றை வளவன் உதவியோடு எடுத்துவந்தார். "இதோட ஜோடி. எனக்குப் பிரயோஜனம் இல்லன்னு கழட்டி வச்சிட்டு, ரெண்டு பக்கத்தையும் ஒண்ணுலயே சேத்துக் கேக்குறேன். நீங்க கேட்டுச் சொல்லுங்க."

போட்டது ஒரு நாகசுரக் கச்சேரிப் பதிவு. பத்து வருடமாக வாரம் ஒருமுறையாவது கேட்பாராம், ஒவ்வோர் அடியும் மனப்பாடமாம். நான் நடுவில் உட்கார்ந்தேன். நாகசுரம் ஓய்ந்து தவில் தனியாக வாசிக்கத் தொடங்கியது.

"இந்தத் தவில்காரரு பெரிய ஆளும்மா. ஒத்தை ஆளு, கேள்வியும் அவரே கேட்டுப் பதிலும் அவரே சொல்றாரு பாருங்க" என்றார்.

நான் தயங்கினேன். பிறகு சொன்னேன். "அண்ணே, ரெண்டு பேரு. இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர். இவர் கேக்குறாரு, அவர் சொல்றாரு."

அவர் முகம் அப்படியே நின்றது. அடுத்த நொடி சத்தமாகச் சிரித்தார். "ஜெய்த்தூனு, இங்க வா! ரெண்டு பேராம்! பத்து வருஷமா ஒரே ஆளுன்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்!"

அவர் மனைவியும் ஓடிவந்து உட்கார்ந்தார். "முதல்லேர்ந்து போடுறேன். யாரு எப்ப வாசிக்கிறாங்கன்னு காட்டுங்கம்மா" என்றார் அண்ணன். போட்டார். இடது தவிலுக்கு இடது பக்கம், வலது தவிலுக்கு வலது பக்கம் என்று கையைக் காட்டிக்கொண்டே வந்தேன். வேகம் ஏற ஏற என் கையும் பறந்தது. அவர் கண்ணை என் கையிலிருந்து எடுக்கவே இல்லை.