கரவனுக்கும் சுவருக்கும் நடுவில்

ஞாயிறு இரவு, கிரவீன்

இலங்கைத் தீவையே காரில் கொளுவிப் பரமட்டா வரை இழுத்துவரக்கூடிய மாபெரும் சாரதி நான். எழுபத்தாறு வயதிலும் அப்படித்தான் சொல்லித் திரிகிறேன்.

இன்று பயணம் முடிந்து வந்து, காருக்குப் பின்னால் கொளுவி இழுக்கும் சக்கர வீடான கரவனை வீட்டு முற்றத்துக்குள் பின்னுக்கு எடுத்தேன். வழிகாட்டப் பின்னால் நிற்பது எப்போதும் என் மனைவி பூமணிதான். திடீரென்று கண்ணாடியில் அவளைக் காணவில்லை. நிறுத்தியிருக்கவேண்டும். ஒதுங்கியிருப்பாள் என்று நினைத்து இன்னும் எடுத்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து கார் பொனெட்டில் அடித்த அடி லண்டனுக்கே கேட்டிருக்கும். இறங்கிப் போய்ப் பார்த்தேன். கரவனுக்கும் கராஜ் சுவருக்கும் நடுவில் பூமணி ஒட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கும் கரவனுக்கும் இடையில் ஒரு சாண் இடம்தான் மிச்சம்.

"கத்தியிருக்கலாமே?"

"கத்தினனான். உங்களுக்குக் கேக்கேல்லை."

பிறகு மகன் போன் எடுத்தபோது, "பயணம் நல்லாப் போச்சு தம்பி" என்றாள். சொல்லிக்கொண்டே சட்டையில் ஒட்டியிருந்த சுவர்த் தூசியைத் தட்டினாள்.

படுக்கும்போது மெல்லக் கேட்டேன். "இந்தக் கரவனை வித்துப்போடுவமே?"

"ஏனப்பா? அடுத்த மாசம் மெல்பேர்ன் போறமெல்லே. நான் பின்னால நிண்டு பாப்பன்தானே."

சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டாள். நிற்பாள். அதனால்தான் எனக்கு நித்திரை வரவில்லை.