வெந்நீர்த் தொட்டிக்கு உமி கட்டியவர்

அக்கா,

இன்று காலை மொட்டைமாடியில் சோலார் வெந்நீர்த் தொட்டியைச் சுற்றிக் கட்டியிருந்த தார்ப்பாயை அவிழ்த்தேன். நனைந்து புளித்த உமியின் வாடை முகத்தில் அறைந்தது. கையை விட்டு அள்ளினால் கறுத்துக் கட்டிதட்டிப் போயிருந்தது. மூன்று மழைக்காலம் தாங்கியது, நீங்கள் போனபின் வந்த முதல் மழைக்கே அழுகிவிட்டது. நாத்தனாருக்கு மடல் எழுதும் வழக்கம் நம் வீட்டில் இருந்ததில்லை. இருந்தவரைக்கும் ஒரு வரி எழுதாதவள், இல்லாதவருக்கு எழுதுவது அதனினும் விந்தை. ஆயினும் எழுதுகிறேன். நேரில் சொல்ல எனக்கு எட்டு மாதம் அவகாசம் இருந்தது, சொல்லவில்லை.

திருமலை அடிவாரத்து அலிபிரிக்குப் பக்கத்தில் வீடு அமைந்தால் அது பாதி சத்திரம் என்பதை நீங்கள் அறிவீர்கள். நகரியிலிருந்தும் சத்தியவேட்டிலிருந்தும் வரும் உறவு அனைத்தும் நம் வீட்டில் படுத்து, விடியுமுன் தலைக்குக் குளித்துத்தான் மலையேறும். ஒருவர் பின் ஒருவராகக் குளியலறைக்குள் போக, கீசர் ஓயாமல் எரியும். எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட நான், மின்சாதனங்களின் கையேடுகளைப் படித்தே ஆங்கிலம் கற்றவள். விசிறிகளை மாற்றினேன், ஐந்து நட்சத்திரக் குளிர்பெட்டி வாங்கினேன், வெயில் தாக்கும் மாடித்தளத்துக்கு வெள்ளைப் பூச்சு அடித்தேன். அந்தக் கீசர் ஒன்றுதான் எனக்கு அடங்கவில்லை. சோலார் தொட்டி வைத்தும் மார்கழியில் பயனில்லை. மாலையில் கை பொறுக்காத நீர், விடியலில் வெதுவெதுப்பாகிவிடும்.

"வெப்ப இழப்பு, அக்கா. காப்புறை போதவில்லை" என்றேன் உங்களிடம்.

"இன்னாவோ எழப்பு. பால ஆறாம வச்சிக்கினு இருந்தாங்களே எங்க மாமியாவூட்ல, உமிக் கூடைக்குள்ள. பாலுக்கு ஆவுறது தண்ணிக்கு ஆவாதா?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் படித்தவளின் இளக்காரம் இருந்தது. தெர்மாக்கோல் பெட்டியில் ஒரு தூக்கு வெந்நீரை நான் வைத்தேன். உமி நிறைத்த கூடையில் இன்னொரு தூக்கை நீங்கள் புதைத்தீர்கள். மறுநாள் காலை இரண்டையும் திறந்தோம். உங்கள் தூக்கிலிருந்து ஆவி வந்தது. "கைய வுட்டுப் பாரு, வாத்தியாரம்மா. வுட மாட்டியே, வெக்கம்!" என்று சொல்லி, மூக்குத்தி ஆடச் சிரித்தீர்கள்.

புத்தூர் ரைஸ் மில்லிலிருந்து ஆறு மூட்டை உமி வந்தது. எலி அண்டாதிருக்கச் சாம்பலும் வேப்பிலையும் கலந்து, முக்காடு போட்டுக்கொண்டு, நாள் முழுதும் இருமியபடியே தொட்டியைச் சுற்றி நீங்கள்தாம் திணித்தீர்கள். நான் கீழே நின்று கயிறு எடுத்துக் கொடுத்தேன். அந்த மார்கழி முழுவதும் கீசரின் பொத்தானை எவரும் தொடவில்லை. குளித்துவிட்டு வந்த நகரிப் பெரியப்பா, "இன்னாம்மா, தண்ணி இந்தக் கொதி கொதிக்குது!" என்று உச்சந்தலையைத் தேய்த்துக்கொண்டார்.

மூன்று ஆண்டுகளில் செய்தி தெருவுக்குள் பரவியது. மின்சிக்கனத்தைப் பற்றிப் பேசும்படி நம் குடியிருப்பின் மகளிர் கூட்டத்தில் என்னை மேடையேற்றினார்கள். தெலுங்கில் பேச மூன்று நாள் ஒத்திகை பார்த்தேன். நீங்கள் முன்வரிசையில் என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். பேசி முடித்ததும் தலைமை தாங்கிய அம்மையார், "ஈ ஆலோசன எவரிதம்மா?" என்று கேட்டார். யாருடைய யோசனை என்பதுதான் கேள்வி.

"நாதே" என்றேன். என்னுடையதே என்று பொருள்.

வாய் தவறி வந்ததன்று, அக்கா. சொல்லுமுன் உங்களைப் பார்த்தேன். நீங்களும் என்னைப் பார்த்தீர்கள். மாமியார் வீட்டுப் பால்கூடையிலிருந்து வந்தது என்று அந்த மேடையில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. சுயமாகக் கற்றவள் என்ற பெயருக்கு அது குறைவு என்று எண்ணினேன். பள்ளி மறுத்ததை என் முயற்சியால் பெற்றவள், பள்ளி வாசலையே மிதியாத உங்களிடமிருந்து ஒன்றைப் பறித்துக்கொண்டேன். சால்வை போர்த்தினார்கள். முதலில் கைதட்டியவர் நீங்கள்.

திரும்பும்போது ஆட்டோவில், "நல்லா பேசின. சால்வைய மடிச்சி வையி, தூசி படுது" என்றீர்கள். ஏசியிருந்தால் நானும் எதிர்த்து ஏசி, அழுது, ஒப்புக்கொண்டிருப்பேன். அந்த வழியை நீங்கள் எனக்குத் திறந்துவைக்கவில்லை. பத்தாம் நாள், "பொண்ணு கூப்ட்டுக்கினே கீறா" என்று புத்தூருக்குப் பெட்டி கட்டினீர்கள். மகள் கூப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும். அவள் என்னிடம்தான், "அம்மா ஏன் திடீர்னு வந்துட்டாங்க, அத்தே?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அது இரண்டாவது பொய்.

கடைசியாகப் பேசியபோது, "உமிய மாத்தினியாடி? மழ வர்றதுக்குள்ள மாத்திடு" என்றீர்கள். குத்திக்காட்டுகிறீர்கள் என்று கொண்டேன். "அதெல்லாம் எனக்குத் தெரியும், அக்கா" என்று வைத்துவிட்டேன். நான்காம் வாரம் உங்கள் மூச்சு நின்ற சேதி வந்தது.

உங்கள் காரியத்துக்குப் புத்தூர் வந்தேன். பந்தி முடிந்ததும் அந்தத் தெருப் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஐந்தாறு வீட்டு மாடிகளில் தொட்டிக்கு உமி கட்டியிருக்கிறார்களாம். எதிர்வீட்டு மருமகள் ஒருத்தி கேட்டாள்: "நீங்கதானே கண்டுபுடிச்சது? ஒரு மூட்டைக்கு சாம்பல் எவ்ளோ போடணும், அக்கா? எங்க வூட்ல எலி பூந்துகினு கீது."

எனக்கு அளவு தெரியாது. நீங்கள் கையால் அள்ளிக் கலந்தபோது நான் குனிந்து பார்த்ததில்லை.

"கண்டுபிடித்தவள் நானல்ல. உங்கள் எதிர்வீட்டில் இருந்தவர்தாம். நான் கூட்டத்தில் பொய் சொன்னேன்" என்றேன். எட்டு மாதம் சொல்லாமல் வைத்திருந்த சொற்கள். அத்தனை பேர் நடுவில் தெளிவாகவே சொன்னேன்.

அவர்கள் சிரித்தார்கள்.

"அடக்கத்தப் பாருடி! அந்தம்மாவே எத்தினி வாட்டி சொல்லிக்கீது. 'எனக்கு இன்னா தெரியும், எங்க தம்பி பொண்டாட்டி மூளை அது. மேடைல சால்வ போட்டாங்க, நானே பாத்தேன்'னு."

உங்கள் மகளும் தலையசைத்தாள். மேற்கொண்டு வாதாடினேன். துக்கத்தில் பேசுகிறேன் என்று யாரோ மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அது பெருந்தன்மையா, தண்டனையா? மன்னித்துச் சொன்னீர்களா? இல்லை, எடுத்தவளே ஆயுளுக்கும் வைத்துக்கொள்ளட்டும் என்று சொன்னீர்களா? எந்தக் கையேட்டிலும் இதற்கு விடையில்லை. என் பொய்க்கு நீங்களே சாட்சியாகிவிட்டீர்கள். இனி நான் உரைக்கும் மெய்யை ஏற்பார் இல்லை. உரியவரிடம் திருப்பித்தர முடியாத ஒரு பெயரைச் சுமந்துகொண்டு நடமாடுகிறேன்.

எதிர்வீட்டுப் பெண் நேற்றும் கைபேசியில் அழைத்தாள். "அக்கா, அந்தச் சாம்பல் கணக்கு?"

"எனக்குத் தெரியாதம்மா" என்றேன்.

"பரவால்ல, அக்கா. நெனப்பு வர்றப்ப சொல்லுங்க" என்று மரியாதையோடு காத்திருக்கிறாள்.