வலிக்கவில்லை என்கிறாள் உன் தங்கை

ஸ்ரீவில்லிபுத்தூர்
1934 ஜூன், வியாழக்கிழமை

அன்பு மகன் வில்சனுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய இரக்கத்தால் நீ ரங்கூனில் சுகமாக இருப்பாய் என்று நம்பி, அதற்காகக் காலையும் மாலையும் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன். இங்கே யாவரும் சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், ஆனால் இந்தத் தடவை அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். நான் சுகம், உன் அப்பா சுகம், ஆடும் குட்டியும் சுகம், உன் தங்கை பரிபூரணம் மட்டும் கட்டிலில் இருக்கிறாள். பதறாதே, முழுவதும் படித்துவிட்டு எவ்வளவு பயப்பட வேண்டுமோ அவ்வளவு மட்டும் பயப்படு. எப்போதும் அப்பாதான் உனக்கு எழுதுவார், எழுத்தும் மணி மணியாக இருக்கும், அவர் வாத்தியார் அல்லவா. இந்தத் தடவை நானே எழுதுகிறேன் என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன். அவர் எழுதினால் விஷயம் இரண்டு வரியும் புத்திமதி இரண்டு பக்கமும் இருக்கும்.

நீ அனுப்பிய படம் வந்தது. கோட்டு நன்றாக இருக்கிறது, கோட்டுக்குள்ளே இருக்க வேண்டிய பிள்ளையைத்தான் காணோம். கன்னம் இரண்டும் ஒட்டிப்போய்க் கிடக்கிறது, அந்த மெஸ்காரன் என்னதான் போடுகிறான்? அந்த ஊர் மீன் ஊறலைத் தொடாதே, வயிறு கெட்டுவிடும். உன் சித்தி அமிர்தவல்லி ராஜபாளையத்திலிருந்து ஒரு கூடை சப்பட்டை மாம்பழம் கொடுத்தனுப்பினாள், நீ இல்லாமல் தின்ன மனம் வரவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் தின்றுவிட்டோம். உனக்குப் பெண் கேட்டு இரண்டு இடத்திலிருந்து பேச்சு வந்தது, அதை இப்போது நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை, நீயும் போட்டுக்கொள்ளாதே. இப்போது என் நினைப்பெல்லாம் சின்னவளைப் பற்றித்தான்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். கிறிஸ்மஸ் சமயத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து பனியில் வீடு வீடாகப் பாடப் போனாள் அல்லவா, அதற்குப் பின் அவளுக்குத் தொண்டை கட்டி, எச்சில் விழுங்க முடியாமல் காய்ச்சலும் அடித்தது. உப்புத் தண்ணீர் கொப்பளிக்க வைத்தேன், மிளகுக் கஷாயம் கொடுத்தேன், சரியாகிவிட்டது, நானும் மறந்துவிட்டேன். பொங்கல் கழிந்து ஒரு நாள் காலை எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். பார்த்தால் வலது முட்டி வீங்கி, தொட்டால் சுடுகிறது. கட்டம் கீறி நொண்டிப் பாண்டி ஆடும்போது எங்கோ மடக்கிக்கொண்டாள் என்று நினைத்து வன்னியம்பட்டி முத்துப்பேச்சிக்குச் சொல்லி அனுப்பினோம். அவள் தாய் வயிற்றிலிருந்து தலைக்கு முன்னே கால் வந்து பிறந்தவள், அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் எந்தச் சுளுக்கும் விட்டுவிடும் என்று ஊர் முழுக்க நம்பிக்கை, உனக்கே ஒரு தடவை இடுப்பில் மிதித்திருக்கிறாள். நம் உபதேசியார் வீட்டிலேகூட, மற்ற விஷயத்துக்கெல்லாம் வேத வசனம், சுளுக்குக்கு மட்டும் முத்துப்பேச்சி. அவள் வந்து நல்லெண்ணெயைக் காய்ச்சித் தடவி, மேலிருந்து கீழாக வழித்து வழித்து, குதிகாலால் மூன்று தடவை ஒற்றினாள். பிள்ளை போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். நான்தான் தோளைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தேன்.

கேள், இதில்தான் வேடிக்கை. முத்துப்பேச்சி போகும்போது, "முட்டியில இருந்து எறக்கி விட்டுட்டேன் வாத்தியாரம்மா, நாளைக்குக் கணுக்காலுக்கு வரும், பொறவு பெருவிரல் வழியா ஓடிரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் விடிந்து பார்த்தால் அவள் சொன்னபடியே முட்டி வற்றிவிட்டது, கணுக்கால் வீங்கியிருக்கிறது. எங்களுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே, உன் அப்பா தோத்திரம் தோத்திரம் என்கிறார், பிள்ளையோ அந்தக் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். வலி ஊருக்குக் கிளம்பிவிட்டது, இன்னும் ஒரு நாள் பொறு என்று அவளைத் தேற்றினோம். அது விரல் வழியாக ஓடவில்லை, எங்கள் எல்லாரையும் ஏமாற்றிவிட்டு இடது மணிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. முத்துப்பேச்சியைக் கேட்டதற்கு, "வழி தப்பிருச்சு, பிள்ளை காலை ஆட்டாம இருந்திருக்கணும்" என்று பழியைப் பிள்ளை மேல் போட்டுவிட்டாள்.

அன்றைக்குப் பிடித்தது சனியன். கால் சுளுக்குக் கைக்கு ஏறுமா, இவள் நடிக்கிறாள் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். நேற்றுக் கணுக்கால், இன்றைக்கு மணிக்கட்டு, நாளைக்கு மூக்கா என்று உன் அப்பா கேலி செய்தார். பரீட்சை அன்றைக்கு வயிற்றுவலி வருகிற பிள்ளைகளையே வருஷமெல்லாம் பார்த்துப் பழகினவர், வேறு எப்படி நினைப்பார். மாசி கடைசியில் வலி தானாகவே போய்விட்டது, வந்த தடமும் தெரியவில்லை, போன தடமும் தெரியவில்லை, அதுவே அவள் பொய் சொன்னதற்குச் சாட்சியாகிவிட்டது. அதற்குப் பிறகு அவளிடம் வேறு மாற்றம். கையில் கொடுத்த தம்ளர் நிற்காது, சிலேட்டில் எழுத்து கோழி கிண்டினதுபோல் ஆயிற்று, சும்மா இருக்கும்போதே தோளைக் குலுக்குவாள், வாயைக் கோணுவாள், ஏட்டி என்ன சேட்டை என்று அதட்டினால் அழுவாள், அழுதுகொண்டே மறுபடியும் கோணுவாள். பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில் அந்த நீளமான பிரசங்கத்தின்போது முன் வரிசையில் உட்கார்ந்து உபதேசியாரைப் பார்த்து முகத்தைக் கோணிக் கோணிக் காட்டினாள். சபை முழுவதும் பார்த்தது. இரட்சகர் சிலுவையில் தொங்குகிற நாளில் வாத்தியார் மகள் வலிச்சம் காட்டுகிறாள் என்று பேச்சு. ஞாயிறு பள்ளியில் அவளைத் தனியாக முழங்காலில் நிற்க வைத்தார்கள், அதுவும் அந்த முட்டியோடு. திரும்பவும் முட்டி வலிக்கிறது என்றாள், யாரும் நம்பவில்லை.

அந்த ஆத்திரத்தில்தான் அப்பா உனக்கு எழுதினார். நீயும் தங்கைக்கென்று தனியாக ஒரு கடிதம் எழுதினாய். பொய் வலி சொல்லி, தேவனுடைய வீட்டில் பரிகாசம் செய்கிற பிள்ளை என் தங்கை இல்லை, உனக்கு வாங்கி வருகிறேன் என்ற ரங்கூன் குடையும் கிடையாது என்று எழுதியிருந்தாய். உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை ராசா, கடல் தாண்டி இருக்கிறவனுக்கு நாங்கள் எழுதினதுதானே தெரியும். ஆனால் என்ன நடந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். அவள் அதைப் படித்துவிட்டு அழவில்லை. மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து வலிக்கிறது என்ற வார்த்தையே அவள் வாயில் வரவில்லை. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி, அண்ணன் ஒரு கடிதத்தில் பேயோட்டிவிட்டான் என்று உன் அப்பாவுக்குப் பெருமை வேறு.

போன மாதம் அவளைக் கூட்டிக்கொண்டு சித்தி வீட்டுக்கு ராஜபாளையம் போயிருந்தேன். அமிர்தவல்லி ஒரு பொழுதுதான் பார்த்தாள், சாப்பிடும்போது பிள்ளை கை சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் காதுப்பக்கம் போவதைக் கண்டுவிட்டு, இது சேட்டை இல்லை அக்கா, எந்தப் பிள்ளை பசியோடு சேட்டை செய்யும் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஜெய்னுலாப்தீன் டாக்டரிடம் போய்விட்டாள். அவர் பட்டணத்தில் படித்துவிட்டு வந்து, பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்தியம் பார்க்கிறார், சாந்தமான மனுஷர். அவர் கை காலைத் தொடுமுன் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு முந்தி எப்பவாவது தொண்டை வலி வந்துச்சாம்மா?" என்பது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு தம் இரண்டு விரலை அவளிடம் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். அவளால் சேர்ந்தாற்போல் பிடிக்க முடியவில்லை, பால் கறக்கிறவள் மாதிரி பிடிப்பதும் விடுவதுமாக இருந்தாள். நாக்கை நீட்டச் சொன்னால் நீட்டிய வேகத்தில் உள்ளே போய்விடுகிறது. நெஞ்சில் குழலை வைத்து வெகு நேரம் கேட்டார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். சில பிள்ளைகளுக்குத் தொண்டைப்புண் ஆறின பிறகும் அதன் வினை ஆறுவதில்லையாம். சில வாரம் கழித்து மூட்டு மூட்டாக வலியாய்ச் சுற்றுமாம், ஒன்றில் வற்றி ஒன்றில் வீங்குவதுதான் அதன் சுபாவமாம், முத்துப்பேச்சி இறக்கவும் இல்லை ஏற்றவும் இல்லை. சில மாதம் கழித்து நரம்பைப் பிடித்துக் கை கால் முகமெல்லாம் தானாக ஆட்டுமாம். இங்கிலீஷில் அதற்கு ஒரு பரிசுத்தவானின் பெயரை வைத்து நடன வியாதி என்கிறார்களாம், அந்தப் பரிசுத்தவானுக்கு வேறு வேலை கிடைக்கவில்லை போலிருக்கிறது. ஏன் ஒரு பிள்ளைக்கு வந்து இன்னொரு பிள்ளைக்கு வராமல் இருக்கிறது என்று கேட்டேன், "பெரிய பெரிய டாக்டர்மாருக்கே அது தெரியலம்மா" என்று மறைக்காமல் சொன்னார். ஆட்டம் நாளாவட்டத்தில் நின்றுவிடும், மூட்டிலும் ஊனம் வைக்காது, ஆனால் இருதயத்தைத் தொட்டால்தான் பொல்லாதது, இவள் இருதயத்தில் ஒரு சத்தம் கேட்கிறது, அது தங்குமா போகுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். படுக்கையை விட்டு இறங்கக் கூடாது, கொல்லைக்குக்கூடத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும், எங்கே வலித்தாலும், முக்கியமாக நெஞ்சு வலித்தாலோ மூச்சு முட்டினாலோ, அந்த நிமிஷமே தமக்குத் தெரிய வேண்டும் என்றார்.

அப்போதுதான் அவளைப் பார்த்து எங்கே வலிக்கிறது தாயி என்று கேட்டார். உன் தங்கை அவரைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை அது. பார்த்துவிட்டு, "எங்கயும் வலிக்கல" என்றாள். அவர் முட்டியை லேசாக அமுக்கினார், கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது, உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடியும் "வலிக்கல" என்கிறாள். வலிக்கிறது என்று பொய் சொல்கிறாள் என்று அத்தனை பேரும் சேர்ந்து சொல்லிச் சொல்லி, வலிக்கவில்லை என்று பொய் சொல்லப் பழக்கிவிட்டோம்.

வில்வண்டியில் வைக்கோல் பரப்பி, மெத்தை போட்டு மெதுவாக வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அப்பா விஷயம் கேட்டதும் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இப்போது பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவளைத் தூக்குவதும் அவர்தான், கஞ்சி ஊட்டுவதும் அவர்தான், தலையில்கூடப் பேன் பார்க்கிறார் என்றால் நம்புவாயா. உபதேசியார் வீட்டுக்கு வந்து ஜெபித்தார், அவரும் கண் கலங்கினார். வெள்ளைப் பொடி மருந்து வேளை தவறாமல் போகிறது, கை ஆட்டம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. எல்லாம் சரி, ஆனால் வாயை மட்டும் திறக்க மாட்டேன் என்கிறாள். நான் கெஞ்சிக் கேட்டாயிற்று, அப்பாவும் கேட்டாயிற்று, "வலிக்கலம்மா, நான் இப்ப நல்ல பிள்ளை" என்கிறாள். அவளுக்கு நாங்கள் சொல்வது செல்லாது, அண்ணன் சொன்னால்தான் செல்லும். அவளைத் தரையில் விடாமல் தூக்கித் திரிந்தவன் நீ அல்லவா.

அதனால் இதைப் படித்த கையோடு உட்கார்ந்து அவளுக்கு எழுது. பெரிய பெரிய எழுத்தாக, அவளே படிக்கிற மாதிரி எழுது. மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், பிள்ளைக்கு அது புரியாது. உனக்கு வலித்தது நிஜம், இனிமேல் வலித்தால் அம்மாவிடம் சொல், நான் நம்புகிறேன் என்று எழுது, அது போதும். புத்திமதி ஒன்றும் சேர்க்காதே, உனக்கு அப்பா ரத்தம் கொஞ்சம் உண்டு. உனக்கும் தொண்டை கட்டினால் சும்மா விட்டுவிடாதே, வைத்தியரிடம் காட்டு. மழையில் நனையாதே, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விடாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன்னைக் குறைவில்லாமல் நடத்துவாராக. அப்பாவின் ஆசீர்வாதமும் என் முத்தங்களும்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும் அம்மா,
ஏசம்மாள்

வெள்ளிக்கிழமை காலை. உறையை ஒட்டுமுன் இதையும் சேர்க்கிறேன். விடிந்ததும் பிள்ளை, நேற்று யாருக்கு இவ்வளவு எழுதினாய் என்று படுத்தபடியே கேட்டாள். அண்ணனுக்கு, நீ சொன்னதெல்லாம் நிஜம் என்று எழுதியிருக்கிறேன் என்றேன். "அண்ணன் நம்புமா?" என்று கேட்டாள். நம்பும் என்றேன். "நீ சும்மா சொல்லுத" என்றாள். இல்லை, சத்தியமாக நம்பும் என்று தலையில் கை வைத்துச் சொன்னேன். பிறகு என் கையைப் பிடித்தாள், அவள் கை ஆடிக்கொண்டே இருந்ததால் இரண்டு தடவை நழுவிவிட்டது, மறுபடியும் பிடித்துக் கொண்டுபோய்த் தன் நெஞ்சின் இடது பக்கத்தில் வைத்து, "இங்கன வலிக்கும்மா, படுத்தா மூச்சு முட்டுது, டாக்டர்கிட்ட சொல்லிருவோமா" என்றாள். அப்பா சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் ராஜபாளையத்துக்கு ஓடியிருக்கிறார், டாக்டரோடு வருவார். தலையணைகளை அடுக்கி அவளைச் சாய்த்து உட்கார வைத்துவிட்டு, பக்கத்திலிருந்து இதை எழுதுகிறேன். பயமாக இருக்கிறது வில்சன், ஆனாலும் பிள்ளை வாயைத் திறந்துவிட்டாள். உன்னைக் கேட்காமலே உன் பேரில் அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டேன், என்னைப் பொய்யாக்கிவிடாதே.