அரிசியைக் கடித்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்த அக்காவுக்கு

என்னை ஆசை தீரத் திட்டி வளர்த்த அக்காவுக்கு,

நலமா என்று கேட்க வழியில்லை. அதனால் நேராகச் செய்திக்கு வருகிறேன். தை பிறந்துவிட்டது. வலங்கைமான் வயலில் அறுப்பு இயந்திரம் இறங்கியிருக்கிறது. நீ போய் வருஷம் திரும்பாததால் இந்த முறை உன் வீட்டில் பொங்கல் வைக்கவில்லை. அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து வந்த பொங்கலை அத்தான் வாங்கி வைத்துக்கொண்டு, எல்லாவற்றிலும் ஒரு வாய் சாப்பிட்டார். யார் மனமும் கோணக் கூடாதாம்.

வருஷம் திரும்பும் வரை பண்டிகை கூடாது, கோயில் கூடாது, சரி. மேடையில் நின்று நாலு பேரைச் சிரிக்க வைக்கலாமா? இதற்கு நம் ஆட்களிடம் விதி கிடையாது. இப்படி ஒரு தொழில் வரும் என்று முன்னோர்கள் எதிர்பார்க்கவில்லை. குறையைத் தீர்க்கச் சித்தி போன் செய்தாள்.

“அக்கா செத்து வருசம் திரும்பல. அதுக்குள்ள அவளையே சொல்லிச் சிரிப்புக் காட்டுறியாமே. அத்தான் காதுக்குப் போனா என்னடா ஆகும்?”

“அவரு காதுக்குப் போற அளவுக்கு நான் இன்னும் பிரபலம் ஆகல சித்தி.”

சித்தி சிரிக்கவில்லை. சொந்தக்காரர்களை நான் சிரிக்க வைத்ததாகச் சரித்திரம் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. வார நாட்களில் நான் ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு நடத்துகிறவன். சிரிக்காத கூட்டம் எனக்குப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் தஞ்சாவூரில் ஒரு காபிக் கடையின் மாடியில் ஸ்டாண்ட் அப் காமெடி செய்கிறேன். சம்பளம் இல்லை. காபி உண்டு.

டெல்டாவில் இது சுலபமான வேலை இல்லை. பாபநாசத்தில் ஒரு முறை கூப்பிட்டிருந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், முன்வரிசை நடுநாற்காலியில் ஒரு தலைவரை உட்கார வைத்தார்கள். நகைச்சுவை நிகழ்ச்சிக்குத் தலைமை தாங்குகிறவர் சிரித்தால் பதவி போய்விடும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு வரி முடிந்ததும் கூட்டம் அவர் முகத்தைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது, துக்கம் விசாரிக்கிற மாதிரி. அன்று என்னைக் காப்பாற்றியது உன் அரிசிக் கதைதான். அதற்குத் தலைவரே சிரித்தார்.

அந்தக் கதையை நான் சொல்கிற விதத்தில் ஒரு தடவை சொல்கிறேன். நீடாமங்கலத்தில் எனக்குப் பெண் பார்க்கப் போகிறோம். பஜ்ஜி, கேசரி, எல்லாம் திவ்யம். நீ தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போகிறாய். மூட்டையிலிருந்து நாலு அரிசியை எடுத்துக் கடித்துப் பார்க்கிறாய். கூடத்துக்கு வந்து, “எந்திரிடா” என்கிறாய். கேசரி பாதி வாயில் இருக்கிறது. காரில் ஏறியதும் ஏன் என்று கேட்கிறேன். “ரேசன் அரிசிய பாலிஷ் போட்டு வச்சிருக்காங்க. அரிசியிலயே பொய் சொல்றவங்க, பொண்ணு வயசுல சொல்ல மாட்டாங்களா?” அதனால்தான் நாற்பது தாண்டியும் நான் பிரம்மச்சாரி என்று முடிப்பேன். இந்த மண்ணில் அரிசியைப் பற்றிப் பேசினால் யாரும் போனைப் பார்க்க மாட்டார்கள்.

நீ போன பிறகும் மேடையில் உன்னை உயிரோடுதான் வைத்திருந்தேன். வேறு வழியில்லை. இறந்துபோன அக்கா என்று சொன்னால் நம் ஆட்கள் சிரிக்க மாட்டார்கள், உச்சுக் கொட்டுவார்கள். அந்தச் சத்தம் மாடி முழுக்க நன்றாகக் கேட்கும்.

போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே சொன்னேன். காரில் ஏறி, உன் வரியைச் சொல்லி, சிரிப்பு வந்து அடங்கிய நேரம், பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

“அரிசி நல்ல அரிசிதான்.”

குறுக்கே பேசுகிறவரை உடனே மடக்க வேண்டும். விட்டால் நிகழ்ச்சியை அவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். விளக்கு கண்ணில் அடித்ததில் ஆள் தெரியவில்லை.

“யாருங்க அது, பொண்ணு வீட்டுக்காரங்களா?” என்றேன்.

அன்றைக்கு வந்த பெரிய சிரிப்பு அதுதான். அது அடங்கும் வரை காத்திருந்து அந்தக் குரல் சொன்னது:

“இல்ல மாப்ள. நான்தான்.”

ஜீன்ஸ் போட்ட பிள்ளைகளுக்கு நடுவே வெள்ளை வேட்டியில் எழுந்து நின்றவர் அத்தான். “அத்தான்!” என்று மைக்கிலேயே கூப்பிட்டுவிட்டேன். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. முன்னால் இருந்த ஒரு பெண் திரும்பி அவரைக் கேட்டாள், “சார், அக்காவையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்ல?”

மைக் என் கையில் இருந்தது. அத்தான்தான் பதில் சொன்னார்.

“அறுப்பு நடக்குதும்மா. அவ வயல்ல நிக்கிறா.”

நன்றி வணக்கம் சொல்லி இறங்கிவிட்டேன். எனக்குக் கொடுத்த நேரத்தில் பாதி மிச்சம் இருந்தது.

கீழே டீக்கடையில் நான்தான் முந்திக்கொண்டேன். “அத்தான், தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே அந்தக் கதைய சொல்லல.”

“நிறுத்தச் சொல்லவா அம்மாம் தூரத்துலேர்ந்து பஸ் ஏறி வந்தேன்? டீயக் குடி.”

குடித்தேன். அவர் தன் டம்ளரை ஆற்றிக்கொண்டே சொன்னார். “நெசமாவே நல்ல அரிசி மாப்ள. நம்ம வீட்டு அரிசிய விடவே நல்லா இருந்துச்சாம். உள்ள அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டு நின்னுருக்கு. மனசுல வேற யாரோ. உங்கக்கா ஒண்ணும் தோண்டித் துருவல. ‘வேணாம்னு நான் சொல்லிடவா’ன்னு மட்டும் கேட்டுருக்கா. அது தலைய ஆட்டுச்சாம்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“உங்கிட்டயா? சொல்லியிருந்தா அதையும் மைக்குல சொல்லியிருப்ப.”

மிச்ச டீயையும் குடித்தேன்.

“பொண்ணு மாட்டேன்னுச்சுன்னு தெரிஞ்சா அவங்கப்பா சும்மா விடுவாரா? அதான் பழிய அரிசி மேல போட்டா. நீ மேடையில சொல்லிச் சொல்லி ஊரே அவள அரிசிப் பைத்தியம்னுச்சு. கேட்டுக்கிட்டுச் சிரிச்சுக்குவா. ஊர் நெனச்சா நெனச்சுட்டுப் போவுது. நீயும் கடைசி வரைக்கும் அப்படியே நெனச்சுக்கிட்டு இருந்துடக் கூடாதுல்ல. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

அதற்குப் பிறகு அவர் கும்பகோணம் பஸ்ஸைப் பற்றித்தான் பேசினார்.

அக்கா, கூட்டத்தின் முகத்தைப் பார்த்து அடுத்த வரி எது என்று முடிவு செய்கிறவன் நான். எந்த வரிசையில் யார் கொட்டாவி விடுகிறார் என்று மேடையிலிருந்தே சொல்லிவிடுவேன். அன்று காபித் தட்டோடு எனக்கு நேரே வந்து நின்ற ஒரே ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. கேசரியில் எத்தனை முந்திரி இருந்தது என்று இன்றைக்கும் நினைவிருக்கிறது. அழுத முகமா, கழுவிய முகமா? யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் வரவில்லை. ஒரே பார்வையில் அதைப் படித்தவளைத்தான் சோற்றுக்கு அலைகிறவளாக ஊர் ஊராக நடித்துக் காட்டியிருக்கிறேன்.

உன் வீட்டுக் கூடத்திலேயே ஒரு தடவை அதை நடித்துக் காட்டினேனே, எல்லோரோடும் சேர்ந்து நீயும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அப்போது எதை நினைத்துச் சிரித்தாய்? மேடையில் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். நாற்று விடும்போது நடவு முடியட்டும் என்றாய், நடவு முடிந்ததும் அறுப்பு முடியட்டும் என்றாய். வயலில் ஏதோ ஒன்று எப்போதும் முடியாமல் இருந்தது. நானும் சரி சரி என்றேன். நீ எங்கே போய்விடப் போகிறாய் என்று இருவருமே நினைத்திருந்தோம். போன மாசியில் அறுப்பு முடிந்தது. ஆஸ்பத்திரிக்குத்தான் உன்னைத் தஞ்சாவூர் கூட்டி வந்தோம்.

இதை அச்சில் போடலாமா என்று யோசித்தேன். மேடைக்கு வருகிறவர்கள் பத்திரிகை படிப்பதில்லை. அது எனக்கும் தெரியும், பத்திரிகைக்கும் தெரியும். இருந்தாலும் அந்தப் பெண்ணுக்காக ஊரை மாற்றி எழுதியிருக்கிறேன். எந்த ஊரைப் போட்டாலும் பொருந்துகிறது. அதுதான் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி மேடை. அரிசிக் கதையைச் சொல்வேன். அரிசி மட்டமான அரிசிதான் என்று அடித்துச் சொல்வேன். உண்மை தெரிந்தபின் ஒரு பொய்யைச் சிரிக்கும்படி சொல்வது கஷ்டம் என்று இப்போதே தெரிகிறது. நீ இத்தனை வருஷம் அதைத்தான் செய்திருக்கிறாய். பெயரைக் கேட்டாலும், ஊரைக் கேட்டாலும், மைக்கிலும் மைக் இல்லாமலும், அந்தப் பெண்ணைப் பற்றி என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. அவர்கள் உன்னைப் பார்த்துச் சிரிக்கட்டும் அக்கா. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒருத்தி பத்திரமாக இருக்கிறாள்.

கேசரி தின்றுகொண்டிருந்த
உன் தம்பி